மேளம் கத்துக்கணும், வாத்தியார் வேணும்

ஊர்த் திருவிழா முடிஞ்சு பட்டணத்துச் சொந்தக்காரங்க கிளம்பும்போது, இப்பல்லாம் ஒரு கேள்வி தவறாம வருது. "மாமா, பையனுக்கு மேளம்னா உசிரு. உங்க பக்கத்துல நல்ல வாத்தியார் யாராச்சும் இருக்காங்களா?" நான் திருப்பிக் கேக்கிறது ஒண்ணுதான். எந்த மேளம்?

பல பேருக்கு அது ஒரு கேள்வியாவே படுறதில்ல. தோல் கட்டினது எல்லாம் மேளம்தானேன்னு பாக்கிறாங்க. இல்லீங்க. எங்க டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊருக்குள்ளேயே தவில் இருக்கு, தப்பு இருக்கு, பூசாரி வீட்டு உடுக்கை இருக்கு, மாரியம்மனுக்குப் பம்பை வரும், பஜனை மடத்து மூலையில ஒரு பழைய மிருதங்கமும் கிடக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித் தெரு, தனி வேளை, தனிக் கூலி. வாத்தியாரும் தனி. தொல்காப்பியமே நிலத்துக்கு நிலம் பறை மாறும்னு கருப்பொருள் கணக்குல பறையைச் சேர்த்து வச்சிருக்கு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்கு நல்லார் தோல் கருவிகளை மட்டும் முப்பது பேருக்குக் குறையாம வரிசையா அடுக்குறார். அதுல பாதி இன்னைக்குப் பேரளவுலதான் மிச்சம்.

நல்ல மேள வாத்தியார் எப்படி இருக்கணும்னு தமிழ்ல முதல்ல விரிவாச் சொன்னதும் சிலப்பதிகாரம்தான். அரங்கேற்று காதையில மாதவி ஏழு வருஷம் பயிற்சி எடுத்து, பன்னிரண்டு வயசுல மேடை ஏறுறா. அவளைச் சுத்தி இருக்கிற ஆசிரியர்களை இளங்கோ ஒவ்வொருத்தரா அறிமுகம் பண்றார். ஆடல் ஆசான், இசை ஆசிரியர், பாட்டு எழுதுற புலவர், தண்ணுமை ஆசிரியர், குழல்காரர், யாழ்காரர். தண்ணுமைங்கிறது அந்தக் காலத்து முழவு வகை. அந்த ஆசிரியருக்கு இளங்கோ வைக்கிற தகுதியைப் பாருங்க. ஆட்டம், பாட்டு, பண், தாளம், தமிழ் எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். யாழையும் குழலையும் பாடுறவர் குரலையும் காதுல வாங்கிக்கிட்டே அதுக்குப் பொருந்த விரலை வைக்கணும். மத்த ஓசையைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய இடத்துல தூக்கி, அடக்க வேண்டிய இடத்துல அடக்கணும். ரெண்டுமே அளவு மீறக் கூடாது.

வேகமா அடிக்கணும், சத்தமா அடிக்கணும்னு எங்கேயும் இல்ல. இன்னைக்கு யூடியூப்ல பாத்து வாத்தியார் தேடுறவங்க முதல்ல பாக்கிறது வேகத்தைத்தான். அவர் தனியா வாசிக்கிறதை விட்டுட்டு, யாராவது பாடும்போது பின்னால வாசிக்கிறதை ஒரு தடவை போய்க் கேளுங்க. பாட்டு காதுல விழுதான்னு பாருங்க. இளங்கோ சொன்ன பரீட்சை அதுதான். இன்னும் செல்லும்.

இலக்கியம் சொல்றது ஒரு பக்கம். நடப்பு எப்படி இருந்துச்சு? அதுக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர் இருக்கு. 1010-ல கோயில் கட்டி முடிச்ச ராஜராஜன், திருப்பதியம் பாட 48 பேரை வச்சான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருத்தர். ஆக 50 பேர். தலைக்கு ஒரு நாளைக்கு மூணு குறுணி நெல்லு. பன்னிரண்டு குறுணி ஒரு கலம்னா, நாலு நாளைக்கு ஒரு கலம், மாசத்துக்கு ஏழரைக் கலம். அளக்கிறதுக்கு ஆடவல்லான்னு பேரு வச்ச மரக்கால். மரக்காலுக்குக்கூட சாமி பேரு வச்சிருக்கான் பாருங்க, குறைச்சு அளந்தா கண்ணைக் குத்தும்னு பயம் இருக்கணும்ல.

எனக்கு அந்தக் கல்வெட்டுல பிடிச்சது நெல்லுக் கணக்கு இல்ல, அதுக்கு அடுத்தாப்ல வர்ற ஏற்பாடு. இவங்கள்ல ஒருத்தர் செத்துப் போனா, இல்ல வேற ஊருக்குப் போயிட்டா, நெருங்கின சொந்தக்காரர் அந்த நெல்லை வாங்கிக்கிட்டு வேலையைச் செய்யணும். அந்தச் சொந்தக்காரருக்குத் தகுதி இல்லேன்னா, தகுதி உள்ள ஆளைத் தேடி வைக்கணும். சொந்தமே இல்லேன்னா, மிச்சம் இருக்கிறவங்க கூடித் தகுதியான ஆளைத் தேர்ந்தெடுக்கணும். பரம்பரைக்கு முதல் உரிமை இருக்கு, ஆனா பரம்பரை மட்டும் போதாது. "அவங்க அஞ்சு தலைமுறையா வாசிக்கிறாங்க"ன்னு யாராவது சொன்னதும் கண்ணை மூடிக்கிட்டுப் பிள்ளையைச் சேக்கிறவங்க, பெரிய கோயிலுக்குப் போனா கோபுரத்தோட அந்தச் சுவரையும் பாத்துட்டு வரலாம்.

போன நூற்றாண்டுக்கு வருவோம். எங்க பக்கம் தவில்னா நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பேரைச் சொல்லாம நகர முடியாது. அவர் வழியில வந்தவர் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை. கடல் தாண்டி, யாழ்ப்பாணம் இணுவில்ல தவில் குடும்பத்துல பிறந்த தட்சிணாமூர்த்தி, அப்பாகிட்ட பாடம் கேட்டு நல்லா வாசிச்சுக்கிட்டிருந்தவர், ராகவப் பிள்ளையைத் தேடி நாச்சியார்கோயில் வந்தார். பின்னால தமிழ்நாடே வாய் பிளந்து கேட்ட கை அது. மிருதங்கத்துல பாலக்காடு மணி ஐயர் கதையும் இதே மாதிரிதான். சாத்தபுரம் சுப்பையர்கிட்ட கத்துக்கிட்டு, சின்ன வயசுலயே செம்பை வைத்தியநாத பாகவதருக்கு மேடையில வாசிச்சவர், அதுக்கு அப்புறமும் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர்கிட்ட மாணவனா உக்காந்தார். முதல் வாத்தியார் கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறவர். ரெண்டாவது வாத்தியாரைக் கத்துக்கிறவன் தானாத் தேடிப் போறான். ஏழு வயசுப் பிள்ளைக்கு முதல் நாளே வித்வான் வேணும்னு அலைய வேண்டியதில்ல.

பழனி சுப்பிரமணிய பிள்ளை கதை வேற மாதிரி. அவருக்கு இடது கைப் பழக்கம். அப்பா முத்தையா பிள்ளை பெரிய வித்வான், ஆனா இந்த இடது கை அவருக்கு ஒப்பல. பையன் மேல நம்பிக்கை வைக்கல. பையன் வளந்து மேடைக்கு வந்தப்பவும் தொல்லை தீரல. இடது கைக்காரர் வாசிச்சா வயலின்காரர் இடம் மாறி உக்காரணும், அதுக்குச் சிலர் சம்மதிக்கல. செம்பைதான் பக்கத்துல நின்னு மேடை கொடுத்தார். 1962-ல அவர் காலமானப்போ, மிருதங்க உலகத்துல மணி ஐயருக்குச் சமமா வச்சுப் பேசின பேரு அவரோடது. உங்க பிள்ளை இடது கையால சாப்பிடுறவனா இருந்தா, வாத்தியார்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. அவர் முகம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. கையை மாத்தச் சொன்னா வேற இடம் பாக்கலாம்.

குருகுலம்னா வாத்தியார் வீட்டுலயே தங்கி, தண்ணி இறைச்சு, கடைக்குப் போயி, அவர் வாசிக்கப் போற ஊருக்கெல்லாம் தவிலைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது. அதை இன்னைக்கு யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். அதுல எவ்வளவு அடி, எவ்வளவு பட்டினின்னு பழைய ஆளுங்க வாயைத் திறந்தாத்தான் தெரியும். அரசு இசைப்பள்ளி வந்தது அந்த வகையில புண்ணியம். மாவட்ட அரசு இசைப்பள்ளின்னு 17 இருக்கு. மூணு வருஷப் படிப்பு. 12 வயசுலேருந்து 25 வரைக்கும் சேரலாம். மிருதங்கத்துக்கு ஏழாங்கிளாஸ் பாஸ் ஆகியிருக்கணும், தவிலுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும். எங்க பக்கத்துப் பையன்கள் பல பேர் அப்படிப் படிச்சுட்டுக் கோயில் வேலைக்குப் போயிருக்காங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கோயிலுக்கும் கச்சேரிக்கும் உள்ள மேளம். தப்பு, அதாவது பறை, வேற சரித்திரம்.

புறநானூற்றுல மாங்குடி கிழார் நாலே குடிகளைச் சொல்றார், அதுல பறையனும் ஒருத்தர், அதுல இழிவு எதுவும் இல்ல. பின்னால வந்த நூற்றாண்டுகள்ல அதே கருவி அடிக்கிறவர் மேல கட்டின கயிறு ஆயிடுச்சு. சாவுக்கு, தண்டோராவுக்கு, திருவிழாவுக்குன்னு ஊர் கூப்பிட்டா வந்தே ஆகணும். மாட்டேன்னு சொல்ற உரிமை கிடையாது. கூலி களத்துமேட்டுல அளக்கிற நெல்லு, அதுவும் கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. பெரியவர் ஒருத்தரை எட்டு வயசுப் பொடியன் பேர் சொல்லி "வாடா"ன்னு கூப்பிட்டதை எங்க ஊர்ல நானே பாத்திருக்கேன். அதனாலதான் பல அப்பாக்கள் பிள்ளைக்குக் கத்துக் கொடுக்கவே இல்ல. பல ஊர்ல இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம்னு மொத்தமா நிறுத்தினாங்க. மேளத்தை விட்டாத்தான் மரியாதைங்கிற நிலைமை. எங்க கீழத்தெருவுல அருமையா அடிக்கிற ஒருத்தரோட பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவனுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாது. அப்பாவுக்கு அதுல வருத்தம் இல்ல, பெருமைதான்.

அந்த நிலைமை மாறினதுக்கு 1990-கள்ல நடந்த வேலை பெரிய காரணம். கே.ஏ. குணசேகரன் போன்றவங்க நாட்டுப்புறக் கலையை மேடைக்குக் கொண்டுவந்தாங்க. திண்டுக்கல்ல சிஸ்டர் சந்திரா ஆரம்பிச்ச சக்தி கலைக்குழுவுல தலித் பெண்பிள்ளைகள் பறையைத் தோள்ல மாட்டி ஆடினாங்க. ஆம்பளைங்க சாவு வீட்டுல அடிச்சதை, பொண்ணுங்க தலை நிமிந்து மேடையில அடிச்சாங்க. 2007-ல சென்னை சங்கமம் வந்தப்போ பட்டணத்துப் பூங்காவுல எல்லாரும் நின்னு பாத்தாங்க. 2025-ல அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. ஆசான்ங்கிற சொல்லு, இளங்கோ வச்ச இடத்துலேருந்து எங்கெங்கேயோ சுத்திட்டுப் பறைக்காரர் பேரோட வந்து சேர்ந்திருக்கு.

இப்ப சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஞாயித்துக்கிழமை பறை வகுப்பு நடக்குது. நல்ல விஷயம். ஆனா சேர்றதுக்கு முன்னாடி சொல்லிக் கொடுக்கிறவர் யார்கிட்ட கத்துக்கிட்டார்னு கேளுங்க. அந்த ஊர்ப் பேரையும் பெரியவர் பேரையும் தயங்காம சொல்றாரா? அந்தப் பெரியவரை எப்பவாவது வகுப்புக்கு வரவழைச்சு, அவருக்கும் சம்பளம் கொடுக்கிறாங்களா? சாமியாட்டத்துக்கு ஒரு அடி, சப்பரத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. எது எங்கே வரும்னு சொல்லாம வெறும் தாளத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தா, நாளைக்கு உங்க பொண்ணு கல்யாண வீட்டுல மாரடிக்கிற அடியை அடிச்சுட்டு வரும்.

இன்னொண்ணும் பாருங்க. தப்புக்கு வைக்கோல் போட்டுச் சூடு காட்டணும். மிருதங்கத்துக்கு இடது பக்கம் ரவை ஒட்டணும். தவிலுக்கு விரல் கூடு போடணும். இதையெல்லாம் வாத்தியாரே செஞ்சு வச்சுட்டுப் பிள்ளைகளை அடிக்க மட்டும் விட்டா அது பாதிப் பாடம்தான். பைபர் தப்பு வந்துட்டதால சூடு காட்டுற வேலை மிச்சம்னு சொல்றாங்க. அடுக்குமாடி வீட்டுல நெருப்பு மூட்ட முடியாது, ஒத்துக்கறேன். ஊருக்கு வரும்போதாவது ஒரு தோல் பறையைச் சூடு காட்டி அடிக்க விடுங்க. சத்தம் ஏறுறது பிள்ளைக்குத் தானாப் புரியும்.

எப்ப வரலாம்னு கேக்கிறவங்களுக்கு: தவில் வாத்தியாரைப் பாக்க ஆடி இல்லேன்னா மார்கழியில வாங்க. முகூர்த்தம் கிடையாது, மார்கழி விடியக்காலைக் கோயில் வேலை முடிஞ்சதும் வீட்டுல இருப்பாங்க. வைகாசி, ஆவணியில வந்தா கதவுல பூட்டுதான் தொங்கும். பம்பைக்காரருக்கு ஆடி ஒத்து வராது, அம்மன் கோயில் எல்லாம் அப்பத்தான் கூப்பிடும். தப்பு ஆசானுக்கு எந்த மாசமும் சொல்ல முடியாது, சாவு நாள் பாத்து வராது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக்கங்க. போன்லயே ஐயான்னு கூப்பிடுங்க.