போக்சோ வழக்குகளில் குழந்தையுடன் நிற்கும் 'ஆதரவு நபர்' யார்?

புதுதில்லி: பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்குக் காவல்துறை விசாரணை முதல் நீதிமன்றத் தீர்ப்பு வரை துணை நிற்பவரே 'ஆதரவு நபர்'. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, குழந்தை மற்றும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலுடன் குழந்தைகள் நலக் குழு இவரை நியமிக்கிறது. குழந்தை உரிமை அமைப்பினர், காப்பக அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் ஆகியோர் இப்பொறுப்பை ஏற்கலாம்.

இவர் வழக்குரைஞர் அல்லர். வழக்கு எந்த நிலையில் உள்ளது, நீதிமன்றத்தில் என்ன நடக்கும், என்ன உதவி கிடைக்கும் என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி எடுத்துரைப்பதும், அறிந்தவற்றை ரகசியமாகக் காப்பதும் இவரது கடமை. இவர் வேண்டாம் என்று குழந்தை கோரினால் அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. விதிகளிலேயே மிகவும் கனிவான பகுதி இதுதான்.

நடைமுறை வேறாக இருந்தது. உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருவரின் வழக்கை முன்வைத்து 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' தொடர்ந்த மனுவில், ஆதரவு நபரின் தேவையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, இந்த உரிமையைப் பெற்றோருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது. சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், இந்த வலியுறுத்தல் முக்கியமானது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1977-இல் நீதிபதி டேவிட் சௌகப் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் குழந்தையின் நலன் குறித்து நீதிபதியிடமே அறிக்கை அளிக்கின்றனர். இந்தியாவில் ஆதரவு நபரின் மாதாந்திர அறிக்கை குழந்தைகள் நலக் குழுவுக்கே செல்கிறது.