அம்பிளிக்கை முகாமுக்கு யார் வந்தார்கள்?

காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவ மையமும் பிரான்சின் லியோன் நகரிலிருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 2000-ல் திண்டுக்கல் மாவட்ட கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டறிய வழக்கமாகச் செய்யும் பாப் ஸ்மியர் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும். முடிவு தெரியப் பல நாள் ஆகும். அதற்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். திண்டுக்கல்லில் எடுத்த வழி வேறு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாக்கி, பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே இதைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். ஆனாலும் 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை.

வந்தவர்களிடம் சில பொதுவான அடையாளங்கள் இருந்தன. வயது நாற்பதுக்குள், கொஞ்சமாவது படிப்பு, கணவர் உயிரோடு இருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட பிரசவம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களும் அதிகமாக வந்தார்கள். பிரசவமும் ஆபரேஷனும் அவர்களுக்கு நர்ஸோடு முன்பே பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தன. பரிசோதனை மேசை புதிதல்ல. வயதான பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் அந்தத் தொடர்பு எப்போதோ அறுந்துபோயிருக்கும். நோய்க்கான ஆபத்து கூடுவதோ நடுத்தர வயதைத் தாண்டும்போது.

மகாராஷ்டிரத்தின் ஒஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999-ல் தொடங்கிய ஆய்விலும் இதே சாயல். அழைக்கப்பட்டவர்களில் 78.8 சதவீதம் பேர் வந்தார்கள். அங்கும் இளையவர்கள், படித்தவர்கள், மணமானவர்கள், கருத்தடை முறைகளைப் பயன்படுத்தியவர்களே முன்னால் நின்றார்கள்.

திண்டுக்கல் முடிவுகள் 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணங்கள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. அதே ஆண்டில் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. இந்திய அளவில் அது 1.9 சதவீதம். ஆய்வில் ஊர் ஊராகப் பெண்களைத் தேடிப்போய் அழைக்க ஆள் இருந்தது. அன்றாட மருத்துவமனையில், வேறு வேலையாக வரும் பெண்ணிடம் நர்ஸ் பேச்செடுத்தால்தான் உண்டு. 2030-க்குள் 70 சதவீதப் பெண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வைத்த இலக்கு.