மேட்ச் ஆகுமா?

டெல்லியில் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ஊர்லேருந்து அப்பாவோட ஸ்பீக்கரைக் கொண்டு வந்திருக்கேன். இந்த ஆம்பிளிஃபயருக்கு மேட்ச் ஆகுமா?" ஏதோ ஜாதகப் பொருத்தம் மாதிரி! இந்த 'மேட்ச்' என்ற வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் அப்பாவின் ஸ்பீக்கரும் பிழைக்கும், ஆம்பிளிஃபயரும் பிழைக்கும்.

1840 வாக்கில் யாக்கோபி என்பவர் சொன்ன விதி: மின்சாரம் தரும் பக்கத்தின் தடையும் வாங்கும் பக்கத்தின் தடையும் சமமாக இருந்தால் அதிகபட்ச சக்தி போய்ச் சேரும். ஆனால் அதே அளவு சக்தி தருகிற இடத்திலேயே சூடாக வீணாகும். தொலைபேசிக்காரர்களுக்கு இந்த 'சமம்' வேதவாக்காக இருந்தது.

1925ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் மூவிங் காயில் ஸ்பீக்கரை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய ஸ்பீக்கர்களுக்கு அதுதான் தாத்தா. இந்தக் காயிலின் தடை சில ஓம்தான். வால்வுக்கோ பல ஆயிரம் ஓம் வேண்டும். நடுவில் தரகராக வந்தது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 25க்கு 1 என்று சுற்றினால் 8 ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5000 ஓமாகத் தெரியும். பழைய ஆம்பிளிஃபயர்களின் முதுகில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருப்பது இதற்காகத்தான்.

1927ல் பெல் லேப்ஸின் ஹெரால்டு பிளாக், வேலைக்குப் போகும் படகில் கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு யோசனையைக் கிறுக்கினார். வெளியே வரும் ஒலியில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் உள்ளே திருப்பி அனுப்பினால் பிசிறு குறையும். இதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். 1947ல் வில்லியம்சனின் வால்வு ஆம்பிளிஃபயர் அதை வீட்டு இசைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றது. அதே வருடக் கடைசியில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஆம்பிளிஃபயர்கள் வந்தன.

கதை மாறியது இங்கேதான். இந்த ஆம்பிளிஃபயரின் உள்தடை ஒரு ஓமுக்கும் வெகு கீழே. அது 8 ஓமோடு 'சமம்' ஆவதே இல்லை, ஆகவும் வேண்டாம். அது வோல்டேஜ் தருகிறது. எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பது ஸ்பீக்கரைப் பொறுத்தது. 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 2.5 ஆம்பியர். அப்பாவின் 8 ஓம் ஸ்பீக்கரையும் புதிய 8 ஓம் ஸ்பீக்கரையும் ஒரே முனையில் பேரலலாகக் கொடுத்தால் மொத்தம் 4 ஓம். கரண்ட் 5 ஆம்பியர். தாங்காத ஆம்பிளிஃபயர் சூடாகும், அடிக்கடி அணையும், கடைசியில் புகையும். ஒரு நண்பர் வீட்டில் நான்கு ஸ்பீக்கரை இப்படிக் கோர்த்து, தீபாவளியன்று பட்டாசு வாசனை ஹாலுக்குள்ளேயே வந்தது!

பயமும் தலைகீழாகிவிட்டது. வால்வு ஆம்பிளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் சத்தமாக ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டருக்கு அது பிரச்சினையில்லை; ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒட்டிக்கொள்வதுதான் எமன்.

ஆகவே பார்க்க வேண்டியது சமமா என்பதல்ல. ஆம்பிளிஃபயரின் பின்னால் குறைந்தபட்ச ஓம் எழுதியிருக்கும். மொத்த ஸ்பீக்கர் தடை அதற்குக் கீழே போகக்கூடாது. அதிகமானால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்பாவின் ஸ்பீக்கரைத் தாராளமாக மாட்டுங்கள். ஆனால் தனியாக.