யாருக்குப் புள்ளி போடுவது? கொழும்பு முஸ்லிம்களின் பாலர் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

கடந்த வருடக் கடைசியில் வெள்ளவத்தையிலுள்ள ஒரு முன்பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. விடுகை விழாவுக்கு முன் பிள்ளைகளைச் சோதித்துப் புள்ளியிட 'வெளியிலிருந்து ஒரு டீச்சர்' வேண்டும் என்றார்கள். தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்று இருபது வருடமாகப் படிப்பிக்கிறவள் நான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புள்ளி போடுவது பெரிய வேலையா என்று போனேன். மேசையில் பட அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்க வேண்டும். ஒரு மகன் குடைப் படத்தைப் பார்த்தபடியே இருந்தான்; வாய் திறக்கவில்லை. ஐந்து அட்டைக்கும் அப்படித்தான். பூச்சியம் போட்டேன்.

வேலை முடிந்து படியிறங்கும்போது அவன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். என்னைக் கண்டதும், "டீச்சர், எங்கட வாப்பாட கொட அத விடப் பெரிசு. காத்துக்கு மறுபக்கம் மடிஞ்சிட்டு. வாப்பா கோல் ரோட்ல நல்லா நனைஞ்சிட்டார்" என்றான். ஒரே மூச்சில் மூன்று வசனம். ஒப்பீடு, காரணம், விளைவு என்று தரம் 6 பிள்ளைகளின் கட்டுரையில் நான் தேடிக் களைக்கிற மூன்றும் அதில் இருந்தன. ஆனால் புள்ளிப் பட்டியல் அதற்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை கடைத்தெருவில் அவனுடைய உம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், இவன் படிக்க மாட்டானா?"

அந்தக் கேள்வியை உண்டாக்கியது என் பேனை. பாலர் கல்வியின் தரத்தை நம் சமூகம் இதுவரை எதை வைத்து அளந்து வந்தது என்று தேடிப் பார்க்கத் தூண்டியதும் அதுதான்.

ஓதப் பள்ளியின் இரண்டு கணக்குகள்

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். எண்பதுகளின் நடுவில், அஸருக்குப் பிறகு நாலு வீடு தள்ளி ஓதப் போவோம். ஒரே பாயில் இருபது பிள்ளைகள். அலிபு, பே முடித்து அம்ம ஜுஸ்உக்கு ஏறினால் வீட்டில் இனிப்பு. குர்ஆன் தமாம் செய்தால் தெருவுக்கே பங்கு போகும். ஓதிக் கொடுத்த ராத்தாவின் திறமையை, எத்தனை பிள்ளை தமாம் செய்தது என்று எண்ணித்தான் ஊர் சொல்லும்.

என் உம்மும்மாவிடம் வேறொரு கணக்கும் இருந்தது. "அந்த ராத்தாட்ட போற புள்ள அழுறல்ல" என்பார். மழையில் நனைந்து வந்தால் அந்த ராத்தா முதலில் தலையைத் துவட்டிவிடுவார், பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுக்க விடுவார், அடி இல்லை. ஊர் எண்ணியது முதற்கணக்கை. பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது இரண்டாவது கணக்கு.

இந்த இரண்டாவது கணக்கு நமக்குப் புதிதல்ல. 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் இப்னு கல்தூன், சிறுவரிடம் காட்டும் கடுமை அவர்களைப் பொய்க்கும் சோம்பலுக்கும் பழக்கும் என்று விளக்குகிறார். மஃரிபில் குர்ஆனை மாத்திரம் படிப்பித்ததையும், அந்தலூஸில் எழுத்தும் கவிதையும் சேர்த்துப் படிப்பித்ததையும் பக்கம்பக்கமாக வைத்து, எந்த முறை பிள்ளையிடம் என்ன விளைவைத் தந்தது என்று ஒப்பிடுகிறார். முதலில் மொழியைக் கொடுத்துவிட்டுப் பிறகு குர்ஆனுக்குப் போகலாம் என்ற காழி இப்னுல் அரபியின் யோசனையைப் பாராட்டிவிட்டு, வழக்கம் அதற்கு இடம் தராது என்றும் சொல்கிறார். அவர் எடைபோட்டது முறைகளையும் ஆசிரியர்களையும். குறை கண்டதும் அவற்றில்தான்.

இன்ஸ்பெக்டர் வந்த காலம்

இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதையடுத்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு, 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' என்ற முறை வந்தது. 1862இல் இங்கிலாந்தில் தொடங்கிய முறை அது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குச் செய்ய வைப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பாடசாலைக்குக் காசு. இங்கிலாந்தில் தானே ஒரு பாடசாலைப் பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட், இம்முறை படிப்பிப்பதை இயந்திர வேலையாக்கிவிடும் என்று எதிர்த்தார். பிள்ளையின் வாயிலிருந்து வரும் பதிலே ஆசிரியரின் கூலி என்றாகிவிட்டால், வகுப்பறையில் பதில் மட்டும்தான் நடக்கும். அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. ஆனால், பாடசாலையை அளக்கப் பிள்ளையைச் சோதித்தால் போதும் என்ற பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது.

முஸ்லிம்கள் அந்தப் பாடசாலைகளுக்குப் பெருமளவில் போகவில்லை. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடுமோ என்ற பயம் இருந்தது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் அவரோடு சேர்ந்தார்கள். 1884இல் கொழும்பில் எழுந்த மத்ரஸாவே நாட்டின் முதலாவது முஸ்லிம் பாடசாலையாகக் கருதப்படுகிறது. அதன் வழிவந்தது இன்றைய ஹமீத் அல் ஹுசைனி கல்லூரி. 1892இல் மருதானையில் ஸாஹிரா. 'அஸன்பே சரித்திரம்' எழுதிய சித்திலெப்பை, எழுத்துக் கற்கும் சிறுவருக்காக அரபுப் பாடநூலையும் எழுதினார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சமூகத்தைத் திருத்தப் புறப்பட்ட ஒரு வழக்கறிஞர் சிறுபிள்ளைகளின் அகரவரிசைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

பின்வந்த நாம் மேல்வகுப்புகளைத்தான் பார்த்தோம். எத்தனை பேர் மருத்துவர், எத்தனை பேர் சட்டத்தரணி என்று எண்ணினோம். அதில் தவறில்லை, பின்தங்கிய சமூகம் அப்படித்தான் எண்ணும். 1946இல் ஆயிஷா ரவூப் அம்மையாரை அதிபராகக் கொண்டு தொடங்கிய முஸ்லிம் மகளிர் கல்லூரி நம் பெண்களுக்கு ஆசிரியத் தொழிலின் கதவை அகலத் திறந்தது. ஆனாலும் படித்த பெண் மேல்வகுப்புக்கே போனாள். பாயில் இருந்த சின்னப் பிள்ளைகள் கிடைத்தவர் கையில் விடப்பட்டார்கள்.

மொண்டிசோரி என்ற பெயர்

1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் முதல் 'சிறுவர் இல்ல'த்தைத் திறந்த மரியா மொண்டிசோரி, இரண்டாம் உலகப் போரினால் இந்தியாவில் தங்கியிருந்தபோது, 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அதன்பின் அந்தப் பெயர் இங்கே ஊன்றிவிட்டது. இன்று கொழும்பில் எந்த முன்பள்ளியும் 'மொண்டிசோரி'தான். மாடியில் ஓர் அறை, பத்துக் கதிரை, சுவரில் மிக்கி மவுஸ் இருந்தாலும் அந்தப் பெயர்தான். ஆசிரியை குறைவாகப் பேசி, பிள்ளை தன் கையால் செய்வதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் அடிப்படை. பெயர் வந்த அளவுக்கு இது வந்து சேரவில்லை.

அரசின் பக்கம் நடந்ததையும் சுருக்கமாகப் பார்ப்போம். முன்பு பாடசாலைக்குள்ளேயே 'அரிவரி' வகுப்பு இருந்தது. 1972 கல்விச் சீர்திருத்தம் பாடசாலையில் சேரும் வயதை 5இலிருந்து 6ஆக உயர்த்தியது. சில வருடங்களில் அது மீண்டும் 5 ஆனது. ஆனால் சின்னப் பிள்ளைகளின் கல்வி பாடசாலைக்கு வெளியே தனியார் கைக்குப் போகும் போக்கு நிற்கவில்லை. 1979இல், சர்வதேச சிறுவர் ஆண்டில், சிறுவர் செயலகம் அமைந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் முன்பள்ளி மாகாண சபைகளின் பொறுப்பானது. 2004இல் தேசியக் கொள்கை வந்தது. 2016இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடெங்கும் 19,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன, பெரும்பாலானவை தனியாருடையவை. அங்குள்ள ஆசிரியைகளின் சம்பளம் பெற்றோர் தரும் மாதக் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஆகவே கட்டணம் கட்டுகிறவருக்குக் கண்ணில் தெரியும் ஏதாவது ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். ஆங்கிலப் பாட்டு, பட அட்டை, கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட விடுகை விழா எல்லாம் அப்படி வந்தவைதான்.

இதெல்லாம் நல்ல பாடசாலையில் இடம் பிடிக்கத்தான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அரசாங்கப் பாடசாலைத் தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாதி இடம் வதிவிட அண்மைக்கு. பிறகு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, சகோதரர் படிக்கும் பிள்ளைகளுக்கு. வீட்டு உறுதிக்குப் புள்ளி உண்டு. வாக்காளர் இடாப்புக்குப் புள்ளி உண்டு. பிள்ளை குடைக்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்வதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

இடத்தை அளக்கும் அளவுகோல்

பிள்ளையைச் சோதிக்காமல் முன்பள்ளியின் தரத்தை அளக்க முடியுமா? முடியும். 1980இல் அமெரிக்காவில் தெல்மா ஹாம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபர்ட் ஆகிய இருவர் அதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1998இல் திருத்தப்பட்ட வடிவில் 43 அம்சங்கள். பார்க்கிறவர் சில மணி நேரம் வகுப்பின் மூலையில் அமைதியாக இருந்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை இடுவார். கதிரை பிள்ளையின் உயரத்துக்கு இருக்கிறதா, கைகழுவ வசதி உண்டா, விளையாட்டுப் பொருளைப் பிள்ளை தானாக எடுக்க முடிகிறதா, ஆசிரியை பிள்ளையோடு உரையாடுகிறாரா அல்லது கட்டளை மட்டும் இடுகிறாரா, பெற்றோருக்கு உள்ளே இடம் உண்டா என்பவை போன்றவை அவை. புள்ளி முழுவதும் பெரியவர்களுக்கும் இடத்துக்கும்தான். பிள்ளைக்குப் புள்ளியே இல்லை.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தில் மினா சுவாமிநாதனோடு இயங்கிய குழுவினர் 1990களில் அந்த அளவுகோலைத் தம் நாட்டுப் பாலர் நிலையங்களுக்கு ஏற்ப மாற்றி, 'டெசர்ஸ்' என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கென ஒன்றை உருவாக்கினார்கள். அதைக்கொண்டு பார்த்தபோது, நிலையத்தின் தரமும் பிள்ளைகளின் கற்றல் திறனும் சேர்ந்தே உயர்வது தெரிந்தது. தமிழ் பேசும் பிள்ளைகளின் சூழலுக்கென்று ஒரு கருவி பக்கத்துக் கரையில் இருக்கும்போது, நாம் பட அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அந்த அம்சங்களில் எனக்கு முக்கியமானது உரையாடல். குருவி இறந்துபோன சோகத்தில் இருந்த சின்னப் பிள்ளை அபூ உமைரிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்த செய்தி நம் பயான்களில் அடிக்கடி வரும். பிள்ளையின் விஷயத்தைப் பிள்ளையின் மொழியில் கேட்டார்கள். முன்பள்ளித் தரத்தின் உயிர்நாடி இதுவே என்பேன். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளையிடம் வாப்பாவின் குடை பற்றித் தமிழில் கேட்டுவிட்டு, அதன் மேல் ஆங்கிலச் சொல்லையும் கொடுக்கலாம். முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் முன்பள்ளிகளில் பல பள்ளிவாசல்களோடும் சங்கங்களோடும் சேர்ந்தவை. அவற்றின் நிர்வாகத்தினர் வருடத்துக்கு இரண்டு தரம் ஒரு காலை முழுவதும் வகுப்பில் இருந்து பார்க்கட்டும். ஆசிரியை ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசியது எத்தனை தரம் என்று எண்ணட்டும். அழுத பிள்ளைக்கு என்ன நடந்தது என்று குறிக்கட்டும். ஒரு ஆசிரியையின் கையில் எத்தனை பிள்ளை, அவருக்குப் பயிற்சி உண்டா, அவருடைய சம்பளம் அவருடைய பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் காணுமா என்று எழுதட்டும். அங்கிக்கும் மேடைக்கும் போகும் காசை ஒரு வருடம் ஆசிரியையின் பயிற்சிக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். அளந்த பின் திருத்தாவிட்டால் அளந்தது வீண். ஆகவே குறை எழுதுகிற அதே தாளில், அடுத்த வரவுக்குள் யார் எதைத் திருத்துவது என்பதும் இருக்க வேண்டும்.

அந்த உம்மாவைத் தேடிப் போய், "அந்தப் புள்ளி என்ட பிழ, புள்ளட பிழ இல்ல" என்று சொல்லிவிட்டேன். மகன் இப்போது தரம் 1இல் தமிழ் மொழிமூலத்தில் படிக்கிறான். இந்த வருடமும் அதே முன்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன், ஆனால் பிள்ளைகளுக்குப் புள்ளி போட மாட்டேன், வகுப்பில் இருந்து பார்த்து உங்களுக்குத்தான் புள்ளி போடுவேன் என்றேன். "யோசிச்சிச் சொல்றோம் டீச்சர்" என்றார்கள். இன்ஷா அல்லாஹ், யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.