மென்பொருளும் ஏகபோகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தொலைபேசிச் சேவை நெடுங்காலமாக ஒரே கொம்பனியின் கையில் இருந்துவந்தது. ஏ.ரி. அன் ரி. என்னும் அக்கொம்பனி ஊர்களை இணைத்த கம்பிகளை மட்டுமன்றி, வீட்டுக்கு வீடு இருந்த தொலைபேசிக் கருவிகளையும், அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளையும், பெல் ஆய்வுகூடங்களையும் தன்னுடையனவாகக் கொண்டிருந்தது. இஃது ஏகபோகம் எனக் கூறி அந்நாட்டு அரசாங்கம் 1949ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. ஏழு ஆண்டுகள் கழிந்தபின், 1956ஆம் ஆண்டு சனவரி மாதம் 24ஆம் திகதி, இரு பகுதியாரும் உடன்பட்ட தீர்ப்பொன்று பதிவாயிற்று. கொம்பனி துண்டாடப்படவில்லை. அதனால் இத்தீர்ப்பு பயனற்றது என்று பலர் அந்நாளிலே இகழ்ந்தனர். ஆயினும், அதில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வியாபாரத்தில் அக்கொம்பனி இறங்கலாகாது என்பது ஒன்று. அதுவரை பெற்றிருந்த காப்புரிமைகளை, ஏறக்குறைய 7,800 இருக்கும், பிறரும் பயன்படுத்த விடல் வேண்டும் என்பது மற்றொன்று. மென்பொருள் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இந்நிபந்தனைகள், பின்னர் மென்பொருளின் வரலாற்றையே திருப்பிவிட்டன.

அத்திருப்பத்தை விளங்கிக்கொள்வதற்கு மூலநிரல் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். மென்பொருள் என்பது கணனிக்கு மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதி. அதனை எழுதுவோர், கற்றவர் வாசிக்கத்தக்க ஒரு மொழியிலேயே முதலில் எழுதுவர், அவ்வெழுத்தே மூலநிரல். பின்னர் அது பொறிக்கு மாத்திரம் விளங்கும் இலக்கக் கோவையாக மாற்றப்படும். நாட்டு வைத்தியர் குளிகையை விற்பார். செய்முறை எழுதிய ஏட்டைத் தரமாட்டார். குளிகையை உண்டவன் குணமடையலாம். ஆனால் அதில் எந்தெந்தச் சரக்குச் சேர்ந்தது என்பதையோ, தன் உடலுக்கு ஒவ்வாததை நீக்குவது எவ்வாறு என்பதையோ அவன் அறியான். இலக்கக் கோவையை மட்டும் விலைக்கு வாங்கியவன் நிலையும் அதுவே.

1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்னும் இருவரும் அவர்தம் தோழர்களும் யூனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். பணிசெயல் முறைமையாவது, கணனியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே மேய்த்து நடத்தும் அடிப்படை மென்பொருள். 1974ஆம் ஆண்டில் இதனைப் பற்றிய கட்டுரை வெளியானதும், பல்கலைக்கழகங்கள் அதனை விரும்பிக் கேட்டன. ஆனால் 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே நின்றது. அதனை வியாபாரப் பண்டமாக்கக் கொம்பனிக்கு வழியில்லை. ஆகவே சொற்பக் கட்டணத்துக்கு, மூலநிரலோடு சேர்த்தே, அது பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. பழுது நேர்ந்தால் கொம்பனி பொறுப்பேற்காது. வாங்கியவர் தாமே திருத்திக்கொள்ளல் வேண்டும். இவ்வசதியீனமே பெரும் பேறாய் முடிந்தது. தாமே திருத்த வேண்டியிருந்தமையால் மாணவர் நிரலை வாசித்தனர். திருத்தங்களை ஒருவரோடொருவர் பரிமாறினர். கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்லி வளாகத்தார் புதிய பகுதிகள் பலவற்றை எழுதிச் சேர்த்தனர்.

அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸின் ஆறாம் பதிப்பினது மூலநிரலை அச்சிட்டு, அதற்குப் பகுதி பகுதியாக உரையும் எழுதி, 1977ஆம் ஆண்டளவில் தம் மாணாக்கருக்கு வழங்கினார். பதவுரை கூறிப் பழைய நூல்களைக் கற்பிப்பதே போன்ற முறை இது. ஆனால் 1979ஆம் ஆண்டில் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பறையில் பாடமாகக் கற்பித்தலாகாது என்ற தடை உரிமப் பத்திரத்தில் ஏறியது. லயன்ஸின் உரையும் அதனோடு பகிரங்க உலாவை இழந்தது. மாணவர் விடவில்லை. பிரதியிலிருந்து பிரதி, அப்பிரதியிலிருந்து மற்றொரு பிரதி என எழுத்து மங்கும்வரை படியெடுத்து, கைக்குக் கை அதனைக் கடத்திக் கற்றனர். அந்நூல் முறைப்படி வெளியாவதற்கு 1996ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கற்பித்தலைத் தடைசெய்தவர் அத்தடையால் ஈட்டிய இலாபம் யாதென்பது இன்றளவும் புலப்படவில்லை. இழந்தது யாதென்பது விரைவிலே தெரியவந்தது.

ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரர்டாம் நகரிலே பணியாற்றிய அன்ட்றூ தனன்போம் என்ற பேராசிரியர், யூனிக்ஸைக் கற்பிக்க இயலாமற் போகவே, அதனை ஒத்த சிறு முறைமையொன்றைத் தாமே எழுதினார். மினிக்ஸ் எனப்பட்ட அது 1987ஆம் ஆண்டில் பாடநூலோடு வெளியாயிற்று. பின்லாந்திலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவன் அதனை வாங்கிக் கற்றான். லீனஸ் தோர்வால்ட்ஸ் என்ற அவ்விளைஞன், தன் கணனிக்கெனத் தானும் ஒரு பணிசெயல் முறைமையை எழுதி வருவதாக 1991ஆம் ஆண்டு ஓகத்து மாதம் இணையத்தில் அறிவித்தான். அது பெரியதொன்றாக வளருமென்று அவனும் எண்ணவில்லை. அதுவே லினக்ஸ். யூனிக்ஸை வகுப்பறையில் பூட்டிவைத்தமையால் மினிக்ஸ் பிறந்தது. மினிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு வழி பிறந்தது.

லினக்ஸ் தழைப்பதற்கு வேண்டிய மற்றொரு வேர் அமெரிக்காவிலேயே ஊன்றப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டையொட்டி மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வுகூடமொன்றுக்கு ஸெறொக்ஸ் கொம்பனி புதிய அச்சுப்பொறியொன்றை அன்பளிப்பாக வழங்கியது. பழைய பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போருக்குச் செய்தி போகும் வண்ணம் றிச்சட் ஸ்ரோல்மன் என்ற ஊழியர் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதிய பொறியையும் அவ்வாறே திருத்த விரும்பினார், மூலநிரல் கொடுக்கப்படவில்லை. அதன் பிரதி ஒருவரிடம் இருப்பதாகக் கேள்வியுற்று நேரிற் சென்று வேண்டினார். பிறர்க்குக் காட்டுவதில்லையெனக் கையொப்பமிட்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சிறு நிகழ்ச்சிதான். ஆயினும் அயலவனுக்கு உதவுவதில்லை என்று முன்கூட்டியே வாக்களிப்பது நல்லோர் செயலாகாது என்ற முடிவுக்கு ஸ்ரோல்மனை அது கொண்டு சென்றது. 1983ஆம் ஆண்டு செத்தெம்பர் 27ஆம் திகதி, யாவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் தக்க முறைமையொன்றைக் கினூ என்ற பெயரில் ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1984ஆம் ஆண்டு சனவரியில் தம் பதவியைத் துறந்தார். அதே மாதத்திலேதான் தொலைபேசிக் கொம்பனி துண்டாடப்பட்டு, 1956ஆம் ஆண்டுக் கட்டுகளினின்றும் விடுபட்டு, யூனிக்ஸை வியாபாரப் பண்டமாக்கத் தொடங்கியது.

ஸ்ரோல்மன் கண்ட உபாயம் சட்டத்துறைக்குப் புதியது. பதிப்புரிமையை அவர் கைவிடவில்லை. அதனைக் கொண்டே பூட்டைத் திறந்தார். 1989ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பொது உரிமத்தின்படி, நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தல் வேண்டும். பெற்றவன் தனக்குப் பின்னால் வருவோர்க்குக் கதவை அடைக்கலாகாது. 1992ஆம் ஆண்டில் தோர்வால்ட்ஸ் தன் லினக்ஸையும் இவ்வுரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தான். ஆங்கிலத்திலே விடுதலைக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால், இம்மென்பொருள் விலையற்றது என்றே பலர் மயங்கினர். தமிழர்க்கு அம்மயக்கம் வேண்டியதில்லை. கட்டற்றது என்பது வேறு, இலவசம் என்பது வேறு. அம்மயக்கத்தைத் தவிர்க்கவும், வியாபாரிகளுக்கு அச்சந் தீர்க்கவும் 1998ஆம் ஆண்டில் திறந்த மூலம் என்ற பெயரைச் சிலர் வழக்குக்குக் கொண்டுவந்தனர். உரிமை என்ற கருத்தை அப்பெயர் மறைத்துவிட்டதென ஸ்ரோல்மன் ஏற்க மறுத்தார். அவர் கூறியதில் நியாயமுண்டு.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கூறுதல் முறை. இருபது வயதிளைஞராயிருந்த பில் கேற்ஸ் 1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கணனி ஆர்வலருக்குப் பகிரங்கக் கடிதமொன்று வரைந்தார். தம் நிரலைப் பலரும் விலை கொடாது படியெடுப்பது களவென்றும், ஊதியமின்றி எவர்தாம் மாதக்கணக்கில் உழைத்து நல்ல மென்பொருளை எழுதுவர் என்றும் அவர் வினவினார். அவ்வினா அற்பமானதன்று. ஆனால் அவர் நிறுவிய மைக்றோசொவ்ற் கொம்பனி உழைப்புக்குக் கூலி பெறுவதோடு நின்றுவிடவில்லை. கணனி செய்வோர் தாம் விற்கும் ஒவ்வொரு பொறிக்கும், அதில் அக்கொம்பனியின் முறைமை இருப்பினும் இல்லாவிடினும், கட்டணம் செலுத்தும்படி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. வேறொருவர் முறைமையைச் சேர்ப்பவன் இருமுறை பணம் கொடுத்தவனானான். 1994ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது.

இதற்கிடையில் இணையம் வளரலாயிற்று. அக்காலத்தில் இணையத்திலே ஏடுகளைத் தேடி வாசிக்க இரு வழிகள் போட்டியிட்டன. மினசோற்றாப் பல்கலைக்கழகத்தார் 1991ஆம் ஆண்டில் ஆக்கிய கோபர் ஒன்று. சுவிற்சர்லாந்திலே சேர்ண் ஆய்வு நிலையத்தில் ரிம் பேணர்ஸ் லீ ஆக்கிய உலகளாவிய வலை மற்றொன்று. தொடக்கத்திலே கோபரே முந்தி நின்றது. 1993ஆம் ஆண்டின் முற்பகுதியில், சிலவகைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் அறவிடப்படும் என அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. கேட்டது பெருந்தொகையன்று, ஆனால் நாளை என்ன கேட்பார்களோ என்ற ஐயம் எழுந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்பிரில் மாதம் 30ஆம் திகதி, வலையின் மென்பொருளில் தனக்குள்ள உரிமை யாவற்றையும் பொதுமக்களுக்கே விட்டுவிடுவதாகச் சேர்ண் நிலையம் எழுத்து மூலம் அறிவித்தது. கோபர் மெல்ல மறைந்தது. வலையிலே படங்காட்டும் வசதி சிறந்திருந்ததும் இதற்கொரு காரணமே. எனினும் அவ்விரு அறிவித்தல்களும் செய்த வேலையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

வலையை வாசிக்கும் உலாவி மென்பொருளில் 1994ஆம் ஆண்டு தொடக்கம் நெற்ஸ்கேப் என்பது முன்னணியில் நின்றது. உலாவி ஒன்றே போதும் என மக்கள் கருதத் தொடங்கினால், அதன் கீழிருக்கும் பணிசெயல் முறைமை எதுவாயினும் ஒன்றே என்றாகிவிடும். மைக்றோசொவ்ற் அஞ்சியது இதனையே. 1995ஆம் ஆண்டில் அது தானும் ஓர் உலாவியை ஆக்கி, பின்னர் விண்டோஸோடு பிணைத்து விலையின்றி வழங்கியது. கணனி செய்வோர் அதனை அகற்றலாகாது எனவும் கட்டுப்படுத்தியது. 1998ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி அரசாங்கம் வழக்கிட்டது. இன்ரெல் வகைக் கணனிகளின் பணிசெயல் முறைமைச் சந்தையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அக்கொம்பனியின் கையில் இருந்ததாக நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன் கண்டார். 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொம்பனியை இரண்டாகப் பிரிக்கக் கட்டளையிட்டார். மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏகபோகத்தை முறைகேடாகக் காத்தமையைக் குற்றமெனவே உறுதிப்படுத்தியது. ஆனால் பிரிக்கும் கட்டளையைத் தள்ளியது. வழக்கு முடியுமுன் பத்திரிகையாளரோடு பேசிய நீதிபதியையும் கண்டித்தது. நெற்ஸ்கேப் அதற்குள் வீழ்ந்துவிட்டது. ஆயினும், 1998ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே அது தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டிருந்தது. அந்நிரலின் வழிவந்த முயற்சியிலிருந்தே 2004ஆம் ஆண்டில் பயர்பொக்ஸ் உலாவி எழுந்தது. கொம்பனி மாண்டது, நிரல் பிழைத்தது.

இவ்வியக்கத்தில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி கடல்கோள் எங்கள் கரையோரங்களை அழித்தபோது, கணனி வல்லுநராகிய தொண்டர் பலர் ஒன்றுகூடி, சில நாட்களிலே சஹன என்ற மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களைப் பதிவு செய்யவும், உதவிப் பொருட்களை ஒழுங்குபடுத்தவும் அது பயன்பட்டது. அத்துணை விரைவில் எழுத முடிந்தமைக்குக் காரணம், அடித்தளமான பகுதிகள் யாவும் முன்னரே திறந்த மூலமாய்க் கிடைத்தமை; எவரிடமும் உரிமம் கேட்டுக் காத்திருக்கவில்லை. சஹனவும் அவ்வாறே திறந்து விடப்பட்டது. 2005ஆம் ஆண்டுப் பூகம்பத்தின்பின் பாக்கிஸ்தானிலும், மறு ஆண்டில் பிலிப்பைன்சிலும் அது உதவிற்று. ஸ்ரோல்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் மன்றம் சமூகப் பயனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது.

எனினும், கேற்ஸ் அன்று தொடுத்த வினா தீர்ந்துவிடவில்லை. இணையத்தில் இரகசியங்களைக் காக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் 2014ஆம் ஆண்டு ஏப்பிரிலில் பெரியதொரு துவாரம் வெளிப்பட்டது. உலகத்து வங்கிகளும் வியாபார நிலையங்களும் நம்பியிருந்த அம்மென்பொருளை ஒரு கைப்பிடியளவினரே பராமரித்து வந்தனர். ஆண்டொன்றுக்கு அதற்குக் கிடைத்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர் மாத்திரமே. அதன் பின்னரே பெருங்கொம்பனிகள் கூடி நிதி ஒதுக்கின. அவற்றுள் மைக்றோசொவ்றும் ஒன்று. லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001ஆம் ஆண்டில் அதன் தலைவர் இகழ்ந்திருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏகபோகமும் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறிற்று. கைத்தொலைபேசிகளில் இயங்கும் அன்ட்றொயிட் லினக்ஸின்மேல் எழுப்பப்பட்டது. அதன் மூலநிரலின் பெரும்பகுதி திறந்தே இருக்கிறது. அவ்வாறிருந்தும், தன் தேடற் பொறியையும் உலாவியையும் முன்கூட்டியே பதித்தல் வேண்டும் எனத் தொலைபேசி செய்வோரை நெருக்கியமைக்காகக் கூகிள் கொம்பனிக்கு 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. நிரல் திறந்திருந்தது, பூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. அமெரிக்காவிலே 2024ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 5ஆம் திகதி, தேடற் துறையில் அக்கொம்பனி சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைக் காத்துவந்ததென நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். உலாவியை விற்றுவிடுமாறு பணித்தல் வேண்டுமென்று அரசாங்கம் கேட்டது. 2025ஆம் ஆண்டு செத்தெம்பரில் அவர் அதனை மறுத்தார். தேடலின்வழித் திரட்டிய தரவுகளில் ஒரு பகுதியைப் போட்டியாளரோடு பகிர்தல் வேண்டும் என்று கட்டளையிட்டார். 1956ஆம் ஆண்டிற்போலவே, கொம்பனி துண்டாடப்படவில்லை.