கல் கைமாறும் விளையாட்டு

ஜமைக்கா என்றால் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்டும் பாப் மார்லியும்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஒரு விளையாட்டு.

வட்டமாகக் குந்தியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கல். பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தன் முன்னாலிருக்கும் கல்லை எடுத்துப் பக்கத்துப் பிள்ளை முன்னால் வைக்க வேண்டும். வைத்த கையோடு தனக்கு வந்ததை எடுக்க வேண்டும். பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்கக் கல்லும் வேகமெடுக்கும். தடுமாறினவன் முன்னால் கல் குவியும். கையை எடுக்கப் பிந்தினால் விரல்மேல் கல் விழும். இமானுவேல் ரோடு என்று பேர். ஆணும் பெண்ணுமாய்க் கல்லுடைக்கப் போவதைத்தான் பாட்டு சொல்கிறது. விரல் நசுங்கினால் அழக்கூடாதாம்.

அது கற்பனைக் கல் இல்லை. 1838இல் அடிமை முறை முழுசாக ஒழிந்து, கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்த கறுப்புச் சனங்களுக்குக் கிடைத்த கூலி வேலைகளில் ரோட்டுக்குக் கல் உடைப்பதும் ஒன்று. பெண்கள் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தார்கள். எங்க சின்னம்மாவும் ஜல்லி உடைச்சவங்க. இடது கை ஆள்காட்டி விரல்ல நகமே கிடையாது. அதனாலதான் இந்த விளையாட்டை என்னால சும்மா தாண்டிப் போக முடியல.

அடிமைக் காலத்தில் அங்கே ஐந்தாறு வயசானதும் பிள்ளையை மூன்றாம் கேங்கில் சேர்த்துவிடுவார்கள். களை பிடுங்கணும், மாட்டுக்குப் புல் சேர்க்கணும். மேற்பார்வைக்கு ஒரு கிழவி. தோட்டக் கணக்கில் பிள்ளையின் பேரும் வயசும் விலையும் இருக்கும். விளையாட்டுக்கு அதில் இடமில்லை. 1833இல் சட்டம் போட்டபோது பிரிட்டன் 2 கோடி பவுண்ட் நட்ட ஈடு கொடுத்தது. யாருக்கு? முதலாளிக்கு.

பிறகு விளையாட்டுகளை எழுதி வைத்ததும் வெள்ளைக்காரர்கள்தான். இங்கிலாந்துக்காரர் வால்டர் ஜெக்கில் வட்டத்தில் நின்று ஆடும் பாட்டுகளை 1907இல் புத்தகமாகப் போட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த மார்த்தா பெக்வித் 1922இல் விளையாட்டுகளையே தொகுத்தார். நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் பாடின வாய்கள் யாருடையவை?

எல்லா விளையாட்டிலும் அடிமைக் கதையைத் தேடுவதும் சரியில்லை. நொண்டி, கோலி, பம்பரம் அங்கேயும் உண்டு. வட்ட விளையாட்டுகளில் பல ஆண்டைமாரின் நாட்டிலிருந்து வந்தவை. அவற்றைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ‘பிரவுன் கேர்ள் இன் த ரிங்’கில் நடுவில் நிற்கும் பெண் ஒரு அசைவு காட்ட, மற்றவர்கள் அப்படியே செய்வார்கள். 1978இல் போனி எம் குழு பாடி உலகமே ஆடியது. ஆனால் ஜமைக்காவில் பிரவுன் என்பது வெறும் நிறமில்லை. வெள்ளைக்குக் கீழே, கறுப்புக்கு மேலே ஒரு தட்டு. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பந்து வாங்கக் காசில்லாத இடத்தில் காலி ஜூஸ் டப்பாவுக்குள் காகிதத்தைத் திணித்து டாண்டி ஷாண்டி ஆடுவார்கள். இரண்டு பக்கமும் நின்று எறிவார்கள். நடுவில் நிற்பவள் மேலே படாமல் குதித்து, வளைந்து தப்பணும்.

பள்ளிக்கூடம் மட்டமென்று ஒதுக்கிய பாட்வாப் பேச்சிலேயே கவிதை எழுதியவர் லூயிஸ் பென்னெட். அவர் 1970 முதல் 1982 வரை ‘ரிங் டிங்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். பிள்ளைகள் தெருவில் பேசின பேச்சோடேயே வந்து அதில் பாடினார்கள், ஆடினார்கள்.