காலராக் கிருமிக்குள் இரண்டு வந்தேறிகள்

1884இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். ஆயினும் அது எவ்வாறு கொல்கிறது என்பது முக்கால் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 1959இல் அதே நகரில் சம்பு நாத் டே, கிருமிகளை முற்றிலும் நீக்கிய வளர்ப்புநீரே முயலின் குடலில் நீர் தேங்கச் செய்வதைக் காட்டினார். கொல்வது கிருமி வெளிவிடும் நஞ்சு என்பது தெளிவாயிற்று.

அந்த நஞ்சின் மரபணு கிருமியின் பூர்விகச் சொத்தன்று. பாக்டீரியாவைத் தொற்றும் இழைவடிவ வைரஸ் ஒன்று அதைச் சுமந்துவந்ததை 1996இல் வால்டாரும் மெக்கலானோஸும் நிறுவினர். குரோமோசோமுக்குள் குடியேறிவிட்ட அவ்வைரஸ், குரோமோசோம் இரட்டிக்கும் வேளையில் தானும் இரட்டித்துச் சேய்செல்களைச் சேர்கிறது.

2000இல் கிருமியின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியாயிற்று. அதில் இரு குரோமோசோம்கள்: ஒன்றில் ஏறத்தாழ 30 லட்சம் கார இணைகள், மற்றதில் 11 லட்சம். சிறியது முன்னாளில் பிளாஸ்மிடாக இருந்தது என்பதற்கு அதன் இரட்டிப்புத் தொடக்கக் களமே வலுவான சான்று.

பிளாஸ்மிட்கள் பலவும் செல் பிரியும் சுழற்சியில் குறித்த வேளை பாராமல் இரட்டிப்பவை. இதுவோ காத்திருக்கிறது. பெரிய குரோமோசோமின் இரட்டிப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்த பின்னரே இது தொடங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒருசேர முடிகின்றன. பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் இதை விளக்கினர்.

உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்கள் சில இன்று அச்சிறு குரோமோசோமில் உள்ளன. அது கிட்டாத சேய்செல் பிழைக்காது. வைரஸ் கொடுத்தது நஞ்சை; பிளாஸ்மிட் காலத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தில் ஒன்றாயிற்று. டே தேடிய கொலையாளியின் வரலாறு இவ்விரு வந்தேறிகளின் வரலாறும் ஆகும்.